மூவாயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது பல்

ராயபுரத்தில் கப்பல்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் பொன்னுரங்கம் பல் வெட்டிக்கொண்டிருந்தார். கிரேன்களிலும் நீராவி இயந்திரங்களிலும் தேய்ந்துபோன பல்சக்கரங்களைக் கொண்டுவருவார்கள். அதே அளவில், அதே எண்ணிக்கைப் பல்லோடு புதுச் சக்கரம் வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. பட்டறையில் அவருக்குப் பெயர் 'பல்லு மேஸ்திரி'. அவர் குடியிருந்த புளியந்தோப்புச் சந்திலும் அந்தப் பெயர்தான் வழங்கியது.

பல் வெட்டுகிறவனுக்கு எண்கள் இரண்டே வகை. ஒன்று உடையும், இன்னொன்று உடையாது. ஒரு தண்டு முப்பத்தாறு தரம் சுற்றும்போது அடுத்த தண்டு ஒரு தரம் சுற்ற வேண்டுமென்றால், அதற்காக முப்பத்தாறு மடங்கு பெரிய சக்கரத்தை யாரும் வெட்டுவதில்லை. முப்பத்தாறை ஆறு ஆறாக உடைத்து, இரண்டு ஜோடிச் சிறு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டுவார்கள். பொன்னுரங்கத்தின் இயந்திரத்தில் நூற்றிருபது பல்லுக்கு மேல் வெட்ட முடியாது. அதற்கு மேற்பட்ட எதுவும் உடைந்தாக வேண்டும். நூற்றிருபத்தேழு போல உடையாத எண் ஒன்று வந்து விழுந்தால் பட்டறையே முகம் சுளிக்கும். ஆனால் அது அபூர்வம். பட்டறைக்கு வரும் பெரிய எண்கள் எல்லாம் முன்பே யாரோ சிறு எண்களைப் பெருக்கிச் செய்தவை. பெருக்கி வந்தது உடையத்தானே செய்யும். இருபது வருடம் அப்படிப்பட்ட எண்களோடு பழகியதால், எண் பெரிதாக ஆக ஆக உடைவது சுலபம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டிருந்தது. அது தவறு என்று அவருக்குச் சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை.

சந்தில் பெரும்பாலும் மில் ஆட்களும் துறைமுகத்தில் கூலிக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஓடு வேய்ந்த ஒரே அறை. ஒரு சுவரில் புத்தர் படம், எதிர்ச் சுவரில் கரும்பலகை. சித்திரை பிறக்கும் நாளில் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வருடத்து அடுப்பை அணைத்துச் சாம்பலை வாரிவிடுவார்கள். வருடம் பிறந்த பிறகே புது நெருப்பு மூட்டி வேப்பம்பூப் பச்சடி செய்வார்கள். வருடம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேளையில் பிறக்கும். எந்த வேளையில் என்று கோயில் தெருவில் பஞ்சாங்கம் வாசிக்கிறவர்களிடம் போய்த்தான் கேட்டு வர வேண்டும்.

1926-ஆம் வருடம் கேட்கப் போனவர் சங்கத்தின் காரியதரிசி அப்பாவு. அவரை வாசலுக்கு வெளியிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். வெயில் சாய்ந்த பிறகு யாரோ ஒருவர் எட்டிப் பார்த்து, "அது உச்சிக்கு முன்னாடியே பிறந்தாச்சே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதுவரை சந்தில் குழந்தைகள்கூடப் பட்டினி.

அந்த வாரம் சங்கத்தில் பொன்னுரங்கம் பேசினார். அவர் அங்கே பேசியது அதுவே முதல் தரம்.

"இன்னாத்துக்கு இன்னொருத்தன் வாசல்ல போயி நிக்கணும்? பஞ்சாங்கம் வாங்கினாலும் அதுவும் அவங்க போட்டுக் குடுக்கற கணக்குதான். வருசம் பொறக்கறது சூரியன் கணக்கு. சூரியன் நமக்கும் மேலதான கீது. ஒரு சக்கரம் பண்ணி செவுத்துல மாட்டுவோம். வருசத்துக்கு ஒரே சுத்து. சுத்தி வந்து கோட்டத் தொட்டுச்சுன்னா வருசம் பொறந்துச்சு."

"கரெக்டா சொல்லுமா மாமு அது?" என்று கேட்டார் அப்பாவு.

"பிசகவே பிசகாது. அடுத்த சித்திரைக்குள்ள ஓட வுட்றேன்."

அடுத்த சித்திரையில் பிறப்பது பிரபவ. அறுபது வருடச் சுற்றின் முதல் வருடம். அதற்குள் என்று சொன்னதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சக்கரத்துக்குப் பித்தளை வேண்டும். பதினோரு வீட்டுப் பெண்கள் பாத்திரம் கொடுத்தார்கள். சொம்பு, குடம், அடி நசுங்கிய அண்டா. பொன்னுரங்கத்தின் மனைவி கன்னியம்மா தன் கல்யாணச் சீர்க் குடத்தைக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் பெரியது பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா கொடுத்த தேக்சா. அவள் கணவர் ஜட்கா வண்டி ஓட்டினார். சித்திரைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. கன்னியம்மாவுக்காகக் கொடுத்தாள்.

"எங்க பெருநாளுக்கு நெலாவ பாத்தா போதும். உங்களுக்குத்தான் இம்மாம் பேஜாரு," என்று சொல்லியபடியே தூக்கி வந்து வைத்தாள். "இந்தா, எடுத்துகினு போ. சக்கரம் வரலேன்னு வெச்சுக்கோ, உன் வூட்டுக்காரரு தலைலதான் சோறு ஆக்குவேன்."

கணக்கு பொன்னுரங்கத்திடம் முன்பே இருந்தது. திருவொற்றியூரில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் வீட்டுத் தோட்டத்து நீர் இறைக்கும் இயந்திரத்தைப் பழுது பார்த்தபோது கேட்டு வாங்கிய கணக்கு அது. ஐந்நூற்று எழுபத்தாறு வருடத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது நாள். பின்னம் கிடையாது, மிச்சம் கிடையாது. நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரம் அத்தனை தரம் சுற்றும்போது, வருடச் சக்கரம் ஐந்நூற்று எழுபத்தாறு தரம் சுற்ற வேண்டும். ஐந்நூற்று எழுபத்தாறைப் பொன்னுரங்கம் வழியில் நடந்தபடியே உடைத்துவிட்டார். இருபத்துநான்கை இருபத்துநான்கால் பெருக்கினால் வந்துவிடுகிறது. அதன் ஜோடியான பெரிய எண்ணும் அப்படியே உதிரும் என்று அவர் எடுத்துக்கொண்டார். பாத்திரங்களை ஒரே மூசையில் உருக்கி, ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலத்தில் ஐந்து வட்டத் தகடுகளாக வார்த்தும் விட்டார். எந்த எண்ணிக்கைப் பல் என்று தெரிவதற்கு முன்பே வார்த்தது அவருடைய தவறு.

பிறகுதான் பெரிய எண்ணை உடைக்க உட்கார்ந்தார். ஒற்றைப்படை, அதனால் இரண்டு போகாது. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்துமூன்று, அதனால் மூன்றும் போகாது. ஐந்து இல்லை, ஏழு இல்லை. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு எதுவும் இல்லை. சாப்பாட்டு வேளையில் பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் வகுத்துப் பார்த்தார். முப்பதுகளைத் தாண்டி, நாற்பதுகளைத் தாண்டி, ஐம்பத்தொன்பதும் மீதி வைத்தது. அடுத்த அறுபத்தொன்றை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து வகுத்தார். அது மீதியில்லாமல் போயிற்று. கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். கையில் மீன் செதிலோடு வந்து பார்த்தவள், "ஒண்ணுதான ஒடஞ்சிகீது, மிச்சம் அப்டியேதான கீது" என்றாள்.

மிச்சம் மூவாயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது.

அது உடையவில்லை. ஐம்பத்தொன்பதைத் தன்னாலேயே பெருக்கினால் மூவாயிரத்து நானூற்று எண்பத்தொன்று. எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இந்த எண் இரண்டாக உடைவதானால், ஒரு துண்டாவது ஐம்பத்தொன்பதுக்குக் கீழே அகப்பட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள ஒவ்வொன்றையும் வைத்து வகுத்தார். எல்லாம் மீதி வைத்தன. சுவரைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வகுத்தார். இருபத்துமூன்றில்தான் மிகவும் வேதனைப்பட்டார். நூற்றைம்பது இருபத்துமூன்று மூவாயிரத்து நானூற்று ஐம்பது. ஒன்றே ஒன்று குறைகிறது.

அப்பாவுவிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே வழி சொன்னார். "ஒரே ஒரு பல்லுதான மாமு? சேத்துக்கோயேன். யாரு எண்ணிகினு கீறாங்க?"

"மூவாயிரத்து நானூத்தி ஐம்பதுன்னா சோறு மாதிரி உதிரும், எனுக்குத் தெரியாதா? ஒரு பல்லுன்னா வருசத்துக்கு ரெண்டரை மணி நேரம் பிசகும், அப்பாவு. பத்து வருசத்துல ஒரு நாள். சித்திர ஒரு நாளு, நம்ம சக்கரம் ஒரு நாளு. கோயில் தெருக்காரன் சிரிக்க மாட்டான்?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்."

"அவன் சிரிக்கட்டும். பித்தள குடுத்தவங்க இன்னா சொல்லுவாங்க?"

தை பிறந்திருந்தது. வார்த்த தகடுகள் ஐந்தும் கட்டிலுக்கடியில் கிடந்தன. நடந்ததைச் சொல்லாமல் நாளைக் கடத்துவது பொன்னுரங்கத்துக்கு இயலவில்லை. ஒரு காலை, பெண்கள் எல்லோரும் தெருக்குழாயில் நிற்கும் நேரத்தில், தானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

"நெம்பரு ஒடையல," என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. எண் என்றால் என்ன, அது உடைந்தால்தான் சக்கரம் என்பது ஏன் என்று குழாய்த் திண்டில் ஈர விரலால் எழுதிக் காட்டினார். பித்தளையைத் திருப்பித் தர முடியும், ஆனால் பாத்திரமாகத் தர முடியாது என்றும் சொன்னார்.

ரஹீமுன்னிசா இடுப்பில் குடத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "என் தேக்சாவ ஒடச்சி உருக்கிட்டே. உன் நெம்பரு மட்டும் ஒடையாதா அண்ணே?"

"ஒடையாதும்மா. யாராலயும் முடியாது. அது அப்டியே கீற நெம்பரு."

"அப்போ இன்னாத்துக்கு ஒடைச்சிகினு கீறே? முழுசா போடேன்."

"முழுசா போட்டா ஒம்போது அடிக்கு சக்கரம் வரும். நம்ம மிசினுல ரெண்டு அடிக்கு மேல ஏறாது. அம்மாம் பெரிய வட்டத்த எதுல மாட்டி பல்லு வெட்றது?"

"வட்டமாத்தான் வெட்டணுமா? எங்க ஜட்கா சக்கரத்துக்கு இரும்பு பட்டா கீதே, அத வட்டமாவா செஞ்சாங்க? நீட்டமா கீற பட்டா. சூடு பண்ணி வளச்சி மரத்து மேல மாட்றான். நான் தெனம் பாக்கறேன்."

பொன்னுரங்கம் வாளியைக் கீழே வைத்தார். ரம்பத்துக்குப் பல் நேராகத்தான் வெட்டுகிறார்கள். நேரான பட்டையில் வெட்டி, மரச் சக்கரத்தைச் சுற்றி வளைத்துக் கட்டினால், இயந்திரத்தில் ஏற வேண்டியது பட்டை மட்டும்தான். சக்கரம் எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை. அந்த யோசனை ரஹீமுன்னிசாவுடையது என்று அவர் கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிவந்தார். பட்டறையில் சிலர் அதை நம்பவில்லை. அவர் பணிவுக்காகச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள்.

சிறு சக்கரங்களுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, தகடுகளை மறுபடி உருக்கிப் பட்டைகளாக இழுத்தார். பட்டறை மேலாளர் சனிக்கிழமைப் பிற்பகலில் இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதித்தார். திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் பட்டை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு நகரும்படி அமைத்துக்கொண்டு, ஒரு சுற்றுக்கு ஒரு பல் வெட்டினார். மொத்தம் இருபத்தெட்டே முக்கால் அடிப் பட்டை. அவ்வளவு நீளத்துக்கு ஒரே துண்டாக இழுக்க வழியில்லை. பதினோரு வீடு, பதினோரு துண்டு என்று வைத்துக்கொண்டார். எல்லாம் ஒன்றாக உருகிவிட்டதால் எது யார் வீட்டுப் பித்தளை என்று இனிச் சொல்ல முடியாது. சிறிய சொம்பு கொடுத்தவர்களும் அண்டா கொடுத்தவர்களும் சங்கத்தில் சமம் என்பது பேச்சு. அதனால் ஆளுக்குச் சமமான பல் என்று அறிவித்துவிட்டார்.

அறிவித்த பிறகுதான் வகுத்துப் பார்த்தார். ஆளுக்கு முந்நூற்றுப் பதின்மூன்று பல் போக, ஆறு பல் மிச்சம்.

மறுபடியும் குழாயடிக்குப் போக வேண்டியதாயிற்று.

"அந்த ஆறு பல்லு யாருக்கு?" என்று கேட்டாள் ரஹீமுன்னிசா.

"அதான் கேக்க வந்தேன்."

"இன்னொரு வூட்டையும் சேத்துகினா சரியா வந்துருமா?" என்றாள் கன்னியம்மா.

"வராது. பன்னெண்டு வூட்டுக்கும் வராது, பத்து வூட்டுக்கும் வராது. எத்தினி பேரு சேந்தாலும் வராது. ஒடையாத நெம்பருன்னா அதான் அர்த்தம். ஒரே வூட்டுக்கு முழுசா குடுக்கலாம். இல்லேன்னா வூட்டுக்கு ஒரு பல்லுன்னு மூவாயிரத்து நானூத்தி நாப்பத்தொம்போது வூட்டுக்குக் குடுக்கலாம். நடுவுல வேற வழியே இல்ல."

"அத்தினி வூடு புளியந்தோப்புல கீதா?" என்று ரஹீமுன்னிசா கேட்க, குழாயடியே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், பெரிய பாத்திரம் கொடுத்த ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு பல் கூட்டிக் கொடுத்தால் என்ன என்று ஒருத்தி இழுத்தாள். அப்படிச் செய்திருந்தால் ரஹீமுன்னிசாவுக்குத்தான் முதல் பல். அவளே வேண்டாமென்றாள்.

"ஒரு பல்லு கூட வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன், கடிக்கவா? அந்த ஆறையும் தனியா வெட்டிப் போடு. யாருக்கும் இல்ல. சங்கத்துக்கு."

ஆறு பல் என்றால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல். கட்டை விரல் நகத்தளவு துண்டு. அவ்வளவு சிறிய துண்டுக்காக வட்டத்தில் ஓர் இணைப்பு கூடுகிறது. ஒவ்வொரு இணைப்பும் பிசகுக்கு இடம். பல் வெட்டுகிறவன் யாரும் அதை விரும்ப மாட்டான். பொன்னுரங்கமும் விரும்பவில்லை. ஆனாலும் வெட்டினார்.

மரச் சக்கரத்தை வியாசர்பாடியில் வண்டிச் சக்கரம் செய்கிறவரிடம் துண்டு துண்டாக வாங்கி வந்து, சங்க அறைக்குள்ளேயே பூட்டினார்கள். முழுதாக வாசலில் நுழையாது. அறையின் உயரமும் போதவில்லை. சுவரோரம் தரையை இரண்டடி தோண்டி, சக்கரத்தின் அடியை அந்தப் பள்ளத்தில் இறக்கினார்கள். பட்டையை முதல் தரம் சுற்றிக் கட்டியபோது இரண்டு முனையும் சேரவில்லை, நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. பல்லில் கை வைக்கக் கூடாது, மரத்தைத்தான் குறைக்க வேண்டும். பொன்னுரங்கம் விளிம்பைச் சுற்றிலும் இழைப்புளியால் ஒரு சீவல் எடுப்பார், பட்டையைக் கட்டுவார், பார்ப்பார், அவிழ்ப்பார். கன்னியம்மா பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பங்குனி முழுவதும் இதே வேலை. பங்குனி முடிய நாலு நாள் இருக்கையில் சங்கத்துத் துண்டின் இருபுறமும் மயிரிழை இடைவெளி இல்லாமல் பட்டை உட்கார்ந்தது. கன்னியம்மா ஒரு பல்லில் சுண்ணாம்பு தொட்டு வைத்து, அன்று முழுவதும் ஒவ்வொரு பல்லாக விரலை வைத்து எண்ணி, அந்தச் சுண்ணாம்புக்கே திரும்பி வந்தாள். கணக்கு சரியாக இருந்தது.

சங்கத்துச் சுவர்க் கடிகாரம் இருபத்துநான்கு பல் சக்கரம் ஒன்றை நாளுக்கு ஒரு தரம் சுற்றும். அது அறுபத்தொரு பல் சக்கரத்தைச் சுற்றும். அதன் தண்டில் இருக்கும் இன்னொரு இருபத்துநான்கு பல் சக்கரம் பெரிய சக்கரத்தை நகர்த்தும். அவ்வளவுதான் அமைப்பு. கடிகாரம் தவறினால் சக்கரமும் தவறும் என்பதால், அப்பாவு தினமும் காலையில் பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்குப் போய் மணி பார்த்து வந்து கடிகாரத்தைத் திருத்த வேண்டும் என்று ஏற்பாடு.

பிரபவ மாலையில் பிறந்தது. முதல் தரம் என்பதால் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டார்கள். வருடம் பிறக்கும் இடத்தைக் காட்டும் கோடு எந்தத் துண்டில் விழ வேண்டும் என்று பொன்னுரங்கம் யாரையும் கேட்கவில்லை. சங்கத்துத் துண்டின் நடுவில் போட்டு, அதற்கு நேராகச் சுவரில் ஒரு முள் பதித்திருந்தார். பொழுது வந்ததும் சக்கரத்தைக் கடிகாரத்தோடு பூட்டினார். அறை கொள்ளாத கூட்டம். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை.

"ஓடலியே," என்றது ஒரு குரல்.

"ஓடிகினுதான் கீது," என்றார் பொன்னுரங்கம். "ஒரு பல்லு நகர ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆவும்."

"வருசம் பூரா ஒரே சுத்துன்னா குதிர மாதிரியா ஓடும்?" என்றாள் ரஹீமுன்னிசா. சிலர் கலைந்து போனார்கள். பித்தளை கொடுத்த பெண்கள் போகவில்லை. வீட்டிலிருந்து வேப்பம்பூப் பச்சடியை அங்கேயே எடுத்து வந்து, சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து ஊர்க் கதை பேசினார்கள். கன்னியம்மா அடிக்கடி எழுந்து போய்ப் பார்த்தாள். கடைசியில் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பி, "நகந்துச்சு" என்றாள். பொன்னுரங்கம் எழுந்து வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு பல் தெரிந்தது. அவர் பித்தளை கொடுத்த பதினோரு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்குத்தான் ஒரு மாதத்தில் முதல் தரம் நன்றாகத் தூங்கினார் என்று கன்னியம்மா சொல்லுவாள்.

அடுத்த வருடம் விபவ. அப்பாவு கோயில் தெருவுக்குப் போகவில்லை. ஆனால் சங்கத்துக்கு ஒரு பஞ்சாங்கம் வாங்கிப் பொன்னுரங்கத்துக்குத் தெரியாமல் ஒத்துப் பார்த்தார். சக்கரம் சொன்னதும் புத்தகம் சொன்னதும் கண்ணுக்குத் தெரிந்த மட்டும் ஒன்றாகவே இருந்தன. அதற்குள் சந்தில் பேச்சும் மாறியிருந்தது. சோறு வேக எவ்வளவு நேரம் என்றால் கால் பல் என்றார்கள். மில்லில் ஒரு ஷிப்டு மூன்று பல். கடன்காரனிடம், ஒரு பல் பொறு, வருகிறேன் என்றார்கள்.

பொன்னுரங்கம் பட்டறையில் தொடர்ந்து பல் வெட்டினார். பெரிய எண் எதைப் பார்த்தாலும், வார்ப்பதற்கு முன் உடைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டறையில் மற்றவர்களின் சக்கரங்களுக்கும் எண்ணை அவரே வகுத்துப் பார்த்தார். சிலருக்கு அது தொந்தரவாகத்தான் இருந்தது.

சுக்ல வருடம் விடியலில் பிறந்தது. இருட்டு பிரிவதற்கு முன்பே அடுத்த சந்திலிருந்து ஒரு பெண் அணைந்த கொள்ளிக் கட்டையும் கையுமாக வந்து சங்கத்து வாசலில் நின்றாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் தயங்கி, "பொறந்துருச்சாக்கா?" என்று கேட்டாள். கன்னியம்மா விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைப் பார்த்தாள்.

"உள்ள வந்து பாரேன், இன்னாத்துக்கு வாசல்ல நிக்கற? இன்னும் கால் பல்லு கீது. வெறகு அடுக்கி வெய்யி, பச்சடிக்கு மாங்கா நறுக்கு. முடிக்கறதுக்குள்ள பொறந்துரும்."